சினைப்பையில் கரு தங்கினால்: கண்டறிவதும் சிகிச்சையும்

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஓர் அண்ணன் தம் தங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தங்கைக்கு 28 வயது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அந்தப் பிரசவத்தின்போதே காப்பர் டி வைத்துக்கொண்டவர். நாள் தள்ளிய சில தினங்களில் அடிவயிற்றில் வலி வந்திருக்கிறது; மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையோடு இரண்டு நாள் போனது; மூன்றாம் நாள் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். ஸ்கேனில் ‘வலது சினைப்பையில் ரத்தக்கட்டி, வயிற்றுக்குள் ரத்தம்’ என்று வந்து, இரவோடு இரவாக ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்து வந்த பயாப்சி அறிக்கைதான் அது சினைப்பையில் தங்கிய கரு என்று சொன்னது. ஸ்கேனிலேயே இதை ஏன் சொல்லவில்லை, ஆபரேஷன் இல்லாமல் ஊசியில் கரைத்திருக்க முடியாதா, காப்பர் டிதான் இதற்குக் காரணமா, இனிக் குழந்தை பிறக்குமா என்று நான்கு கேள்விகள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஸ்கேன் எடுத்தவரைக் குறை சொல்ல இதில் பெரிதாக ஒன்றுமில்லை. சினைப்பைக் கர்ப்பத்தின் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் தெரியவரும். ஆபரேஷன் மேசையில் சந்தேகம் வரும், நுண்ணோக்கியின் கீழ் உறுதியாகும். உயிரைக் காப்பாற்றுவதற்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தப் பெண் கருவுற்றிருக்கிறார், கரு கர்ப்பப்பைக்குள் இல்லை, வயிற்றில் ரத்தம் கசிகிறது என்ற மூன்றும் உரிய நேரத்தில் தெரிந்தால் போதும். உங்கள் தங்கை விஷயத்தில் இழந்த நேரம் ஸ்கேன் அறையில் இழந்ததல்ல. அதற்கு முந்தைய இரண்டு நாளில் இழந்தது.

இயல்பாக நடப்பது இதுதான். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையைக் கருக்குழாயின் விரல் போன்ற நுனிகள் வாங்கிக்கொள்கின்றன. குழாய்க்குள் கருவுற்று, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கர்ப்பப்பையின் உட்சுவரில் கரு பதிகிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் இது தடம் மாறி வேறிடத்தில் பதிந்துவிடுகிறது. அப்படி இடம் மாறியவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை குழாயிலேயே தங்குபவை. சினைப்பையில் தங்குபவை நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. முட்டை தன் பையிலிருந்து வெளியேறாமல் உள்ளேயே விந்தணுவைச் சந்தித்துவிடுவது ஒரு வகை. குழாயில் கருவுற்றபின் பின்னோக்கி நழுவிச் சினைப்பையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. எந்த வகையானாலும் விளைவு ஒன்றுதான். கருவின் வேர்கள் ரத்தநாளங்கள் மண்டிய ஒரு திசுவைத் துளைக்கின்றன. கர்ப்பப்பையைப் போல விரிந்து இடம் கொடுக்கும் தசை சினைப்பைக்கு இல்லை. ஆகவே பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே, பல வேளை ஆறு ஏழு வாரத்திலேயே, வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகின்றன. மாதம் நிறையும்வரை சினைப்பையில் வளர்ந்த கருக்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அவற்றை விதிவிலக்குகளாக மட்டுமே கொள்ள வேண்டும். அதை நம்பி எந்தப் பெண்ணையும் காத்திருக்க வைக்க முடியாது.

அறிகுறிகளில் சினைப்பைக்கென்று தனித்த அடையாளம் ஏதும் கிடையாது. நாள் தள்ளிப்போதல், ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, சொட்டுச் சொட்டாக உதிரம் ஆகிய மூன்றும் பாடப்புத்தகத்தில் ஒன்றாக வரும். நேரில் மூன்றும் சேர்ந்தே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உதிரத்தை மாதவிடாய் என்றே எடுத்துக்கொண்டு ‘நாள் தள்ளவில்லை’ என்று உறுதியாகச் சொல்லும் பெண்கள் உண்டு. அதனால் கடைசியாக வந்த உதிரப்போக்கு வழக்கமான அளவில், வழக்கமான நாட்கள் இருந்ததா என்று கேட்க வேண்டும். குறுவை, சம்பா நடவுக் காலங்களில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட பெண்ணுக்கு வரும் அடிவயிற்று வலியும் இடுப்பு வலியும் ‘வேலை செய்த அலுப்பு’ என்று வீட்டில் ஒதுக்கப்படுவது இங்கே சாதாரணம். வலியோடு தோள்பட்டை நுனி வலித்தால் கவனம் உடனே மாற வேண்டும். வயிற்றில் சேரும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில் தெரியும். தோளில் எந்தக் கோளாறும் இருக்காது. படுத்தால் தோள்வலி கூடுவதும், மலம் கழிக்க வேண்டும் போன்ற உணர்வு அடிக்கடி வருவதும், கழிப்பறைக்குப் போன இடத்தில் மயங்குவதும் வயிற்றுக்குள் ரத்தம் நிற்கிறது என்பதற்கான அடையாளங்கள். கொல்லைப்புறத்தில் மயங்கியது உங்கள் தங்கை மட்டுமல்லர். இந்த நோயின் கதைகளில் அந்த இடம் திரும்பத் திரும்ப வரும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணும் அடிவயிற்று வலியோடோ மயக்கத்தோடோ வந்தால், கதை எதுவாக இருந்தாலும், முதலில் சிறுநீரில் கர்ப்பத்தைக் காட்டும் கார்டு டெஸ்ட் பார்த்துவிட வேண்டும். செலவு சொற்பம், ஐந்து நிமிடத்தில் விடை. காப்பர் டி இருக்கிறது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, கணவர் வளைகுடாவில் இருக்கிறார், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார் என்பவற்றில் எதுவும் அந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண் கருவுறுவது அரிது. ஆனால் கருவுற்றுவிட்டால் அது இடம் மாறிய கருவாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1990-களில் வெளியான ஆய்வில், அந்த ஆபரேஷனுக்குப் பின் உண்டான கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கர்ப்பப்பைக்கு வெளியே இருந்தது. கேட்பதற்குக் கூச்சமான சூழ்நிலைகளில், கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ‘இந்த வலியோடு வரும் எல்லோருக்கும் பார்ப்பதுதான்’ என்று சொல்லிச் சோதனையைச் செய்துவிடுவதே நல்லது.

கருக்கலைப்பு மாத்திரையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உதிரம் போனதும் ‘கலைந்துவிட்டது’ என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அந்த மாத்திரைகள் கர்ப்பப்பைக்குள் இருக்கும் கருவுக்கானவை. வெளியே தங்கிய கருவை அவை கலைப்பதில்லை. ஆனால் கர்ப்பப்பையின் உட்படலம் உதிர்வதால் உதிரம் மட்டும் போகும். பிறகு வரும் வலியும் மயக்கமும் மாத்திரையின் கணக்கில் எழுதப்பட்டு, நாட்கள் கடந்துவிடுகின்றன. மாத்திரை கொடுப்பதற்கு முன் கரு எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

கார்டில் இரண்டு கோடு வந்தபின் அடுத்த படி உள்வழி ஸ்கேன். வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேன் ஐந்து ஆறு வாரக் கர்ப்பத்தில் பல விவரங்களைத் தவறவிடும். பிறப்புறுப்பு வழியாக எடுப்பது சினைப்பையையும் குழாயையும் வெகு அருகிலிருந்து காட்டும். கர்ப்பப்பைக்குள் கருவின் பை தெரிந்துவிட்டால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. வெளியே தங்கிய கர்ப்பத்திலும் கர்ப்பப்பைக்குள் சிறிது திரவம் தேங்கிப் பை போலத் தோன்றி ஏமாற்றுவது உண்டு என்பதால், உள்ளே மஞ்சள்கருப்பையோ (கருவுக்குத் தொடக்கத்தில் ஊட்டம் தரும் சிறு பை) கருவோ தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களிடம் மட்டும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கரு இருக்கும் சாத்தியத்தையும் நினைவில் வைப்பார்கள்.

உள்ளே எதுவும் தெரியாவிட்டால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு துணைக்கு வரும். அது 3,500 அலகைத் தாண்டியும் கர்ப்பப்பை காலியாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முன்பு 1,500 அல்லது 2,000 என்றே எல்லை வைத்திருந்தார்கள். நல்ல கர்ப்பத்தையும் தவறாகச் சந்தேகித்துக் கலைத்துவிடக் கூடாது என்பதால் இப்போது எல்லையை உயர்த்திக் கொள்கிறார்கள். அளவு குறைவாகவும் பெண் தெம்பாகவும் இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தொடக்க அளவு 1,500-க்குக் கீழே இருக்கும் நல்ல கர்ப்பத்தில் அந்த இரண்டு நாளில் குறைந்தது பாதியளவாவது கூட வேண்டும். மந்தமாக ஏறுவதும், ஏறாமல் தேங்குவதும் கரு சரியாக இல்லை என்று சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இந்த 48 மணி நேரக் காத்திருப்பு வலியில்லாமல், நாடியும் ரத்த அழுத்தமும் சீராக, வயிற்றில் ரத்தம் இல்லாமல் இருப்பவருக்கு மட்டுமே உரியது. வயிற்றில் ரத்தம் நிற்கும் பெண்ணை எச்சிஜி முடிவுக்காக உட்கார வைப்பது அபாயம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பை கார்பஸ் லூட்டியம் என்ற ஒரு சிறு கட்டியை ஒவ்வொரு மாதமும் உருவாக்குகிறது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைச் சுரப்பது அதுதான். ஸ்கேனில் அதுவும் வளையம் போலத் தெரியும். அதைச் சுற்றியும் ரத்த ஓட்டம் பளிச்சென்று காட்டும். அதுவும் சில வேளை வெடித்து வயிற்றில் ரத்தம் கசியும். சினைப்பையில் தங்கிய கருவும் இவை அத்தனையையும் செய்யும். இரண்டும் ஒரே உறுப்பில், ஒரே வாரத்தில், ஒரே உருவத்தில் இருக்கும்போது திரையைப் பார்த்து இது அதுவல்ல என்று அடித்துச் சொல்வது அனுபவமுள்ளவர்களுக்கும் கடினம். வேறுபடுத்த உதவும் சில குறிப்புகள் இருக்கின்றன. கருவின் வளையம் தடித்து, சுற்றியுள்ள சினைப்பைத் திசுவைக் காட்டிலும் வெண்மையாகத் தெரியும். கார்பஸ் லூட்டியத்தின் சுவர் அந்த அளவுக்கு வெளுப்பாக இருப்பதில்லை. வளையத்தைச் சுற்றிச் சினைப்பையின் சிறு முட்டைப்பைகள் தெரியும். கார்பஸ் லூட்டியம் தனியாக வேறிடத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தும்போது கட்டி சினைப்பையை விட்டு விலகி வழுக்கினால் அது குழாயில் இருப்பது. சினைப்பையோடு சேர்ந்தே நகர்ந்தால் சினைப்பைக்குள் இருப்பது. வளையத்துக்குள் மஞ்சள்கருப்பையோ இதயத் துடிப்போ தெரிந்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிவது அபூர்வம். வெடித்தபின் இவை எதுவும் மிஞ்சுவதில்லை. உறைந்த ரத்தம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ‘சினைப்பையில் ரத்தக்கட்டி’ என்று உங்கள் தங்கையின் அறிக்கையில் எழுதியவர் தாம் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார்.

சந்தேகத்தைத் தீர்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நோயாளி நிலையாக இருக்கும் சில சிக்கலான வேளைகளில் அது உதவும். மற்றபடி தஞ்சாவூருக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்துத் திரும்பி வருவதற்குள் கழியும் நேரத்தை நினைத்தால், வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் நேரே பார்த்துவிடுவதே நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும்.

பெயர் சூட்டுவதற்கான விதிகளை ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஓட்டோ ஸ்பீகல்பெர்க் 1878-இல் வகுத்தார். இன்றும் அவையே அளவுகோல். பாதிக்கப்பட்ட பக்கத்துக் கருக்குழாய் நுனிவரை சேதமின்றி, சினைப்பையிலிருந்து தனித்து இருக்க வேண்டும். கருவின் பை சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சினைப்பைத் தசைநாரால் அது கர்ப்பப்பையோடு இணைந்திருக்க வேண்டும். பையின் சுவரில் சினைப்பைத் திசு இருப்பது நுண்ணோக்கியில் தெரிய வேண்டும். முதல் மூன்றையும் ஆபரேஷன் செய்பவர் கண்ணால் பார்க்கலாம். நான்காவதை நோய்க்குறியியல் நிபுணர் மட்டுமே சொல்ல முடியும். ஆகவே எடுத்த திசுவை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு அனுப்பியாக வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ‘கார்பஸ் லூட்டியம் வெடித்தது’ என்று எழுதி, திசுவை அனுப்பாமல் விட்டால், உண்மையில் கருவாக இருந்தது ஒருபோதும் தெரியாமல் போய்விடும். அந்தப் பெண்ணுக்குப் பின்தொடர் சோதனையும் நடக்காது. பத்து நாள் கழித்து வந்த அந்தக் காகிதத்தைத் தாமதம் என்று நினைக்க வேண்டாம். அது இல்லாமல் இந்தப் பெயரே உங்களுக்குக் கிடைத்திருக்காது.

ரத்தம் கசியும் பெண்ணுக்கான சிகிச்சையில் முதல் சில மணி நேரமே முக்கியம். இளம் பெண்களின் உடல் நெடுநேரம் சமாளிக்கும். ரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்துகொண்டிருந்து திடீரென்று சரியும். வயிற்றுக்குள் ரத்தம் நிற்கும்போது நாடி வேகமெடுக்காமல் மெதுவாகவே இருக்கும் நோயாளிகளும் உண்டு. ‘நாடி 80தான், பயமில்லை’ என்று நம்பிவிடக் கூடாது. முதல் ஹீமோகுளோபின் பரிசோதனையும் ஏமாற்றும், ஏனென்றால் இழந்த ரத்தம் கணக்கில் தெரியச் சில மணி நேரம் ஆகும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஒன்பது கிராமில் தொடங்குபவருக்கு ஒரு லிட்டர் இழப்பைத் தாங்கும் சக்தி குறைவு. ஸ்கேனில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் ரத்தம் தெரிந்தால், இடுப்பெலும்புக் குழியைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் பரிசோதனைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ வந்து சேரவே நேரமாகும் ஊரில், எங்கே அனுப்புவது என்ற முடிவும் சிகிச்சையின் பகுதிதான். 108 ஆம்புலன்ஸ் வந்தபின் எங்கே போவது என்று யோசிக்காமல், வரும் முன்பே, மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்தம் ஆகிய மூன்றும் அந்த இரவில் இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சீமாங்க் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையங்கள் இதற்காகவே 24 மணி நேரமும் இயங்குகின்றன. திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் மருத்துவக் கல்லூரிகள் வந்தபின், எல்லோரையும் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டிய நிலை மாறியிருக்கிறது. அனுப்பும்போது இரண்டு கையிலும் நரம்பில் தடித்த ஊசிக்குழாய் பொருத்தி, ரத்த வகைக்கு மாதிரி எடுத்து, கார்டு டெஸ்ட் முடிவைச் சீட்டில் எழுதி அனுப்பினால், போய்ச் சேரும் இடத்தில் அரைமணி நேரம் மிச்சம். வழியில் சலைனைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றி ரத்த அழுத்தத்தை இயல்புக்குக் கொண்டுவர முயல வேண்டாம். மூளைக்கும் இதயத்துக்கும் போதுமான அளவு இருந்தால் போதும். கசிவை நிறுத்தும் ஒரே வழி ஆபரேஷன்.

ஆபரேஷனில் லேப்ராஸ்கோப்பியே இன்று முதல் தேர்வு. வலி குறைவு, வயிற்றுக்குள் ஒட்டுதல் குறைவு, இரண்டு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு, அல்லது லேப்ராஸ்கோப்பிக் கருவியோ பழகிய கையோ இல்லாத மருத்துவமனையில், வயிற்றைத் திறந்து செய்வது தரம் குறைந்த சிகிச்சை அல்ல. துளை வழிதான் வேண்டும் என்று குடும்பத்தினர் பிடிவாதம் பிடித்து, ரத்தம் கொட்டும் பெண்ணை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவதை எனக்கு ஏற்க முடிவதில்லை.

சினைப்பையை முழுதும் எடுத்துவிட்டார்களா என்ற பயம் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. முன்பெல்லாம் அப்படி எடுத்ததுண்டு. இப்போது கரு தங்கிய பகுதியை மட்டும் ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பது, அல்லது கட்டியை மட்டும் உரித்தெடுப்பது, பிறகு கசியும் இடங்களை மின்சூட்டாலோ தையலாலோ அடைப்பது என்பதே முறை. மின்சூட்டை அளவோடு வைக்கும் மருத்துவர் நல்ல மருத்துவர், ஏனென்றால் அதிகச் சூடு பக்கத்திலுள்ள முட்டைகளையும் கருக்கும். ரத்தம் எப்படியும் நிற்கவில்லை, அல்லது சினைப்பை முழுவதும் சிதைந்துவிட்டது என்றால் மட்டுமே முழுதும் எடுப்பார்கள். உங்கள் தங்கைக்கு என்ன செய்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். எழுதவில்லையென்றால் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குழாய் நலமாக இருந்தால் அதை எடுக்க வேண்டியதில்லை. சினைப்பைக் கர்ப்பத்தில் அது பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

ஆபரேஷன் மேசையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கர்ப்பப்பைக்குள் நல்ல கர்ப்பமும் வெடித்த கார்பஸ் லூட்டியமும் சேர்ந்திருக்கும் நிலை. கர்ப்பத்துக்கு ஏழெட்டு வாரம் ஆகும் முன், கருவென்று நினைத்துக் கார்பஸ் லூட்டியத்தை வெட்டியெடுத்தால், அந்தக் கர்ப்பம் கலைந்துவிடும். அதனால்தான் கர்ப்பப்பை காலியா என்ற கேள்விக்கு ஆபரேஷனுக்கு முன் விடை வேண்டும். எடுக்க நேர்ந்துவிட்டால் பத்தாவது வாரம்வரை புரோஜெஸ்ட்ரோன் கொடுத்துத் தாங்க வேண்டும்.

ஊசியில் கரைப்பது பற்றி: மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, வேகமாகப் பெருகும் செல்கள் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்து, கருவின் வேர்களை வாடச் செய்கிறது. குழாயில் தங்கிய கருவுக்கு, உரிய தேர்வோடு, அது நல்ல சிகிச்சை. வெடிக்காமல் இருக்க வேண்டும், நோயாளி நிலையாக இருக்க வேண்டும். எச்சிஜி 5,000-க்குக் கீழும் கட்டி 4 செ.மீ.-க்குக் கீழும் இருந்து, கருவின் இதயத் துடிப்பு இல்லாவிட்டால் பலன் அதிகம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். பால் கொடுப்பவராக இருக்கக் கூடாது. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.கி. கணக்கில் தசையில் போட்டு, நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் எச்சிஜி குறைந்தது 15 விழுக்காடு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சினைப்பைக் கர்ப்பத்தில் இந்த வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது, ஏனென்றால் வெடிப்பதற்கு முன் உறுதியாகத் தெரிவதே அரிது, லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தபின் தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுவதே எளிது. வயிற்றில் ரத்தத்தோடு மயங்கி வந்த உங்கள் தங்கைக்கு இந்த ஊசி தகுந்ததல்ல, போட்டிருந்தால் தவறாகியிருக்கும்.

ஊசி போடப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வீட்டில் இருக்கும். ஃபோலிக் அமிலம் இந்த மருந்தின் வேலையை நேராக முறியடிக்கும். மருத்துவர் சொல்லும்வரை நிறுத்திவைக்க வேண்டும். பெரும்பாலான இரும்புச்சத்து மாத்திரைகளிலும் அது சேர்ந்திருப்பதால் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வேண்டாம், பாராசிட்டமால் போதும். எச்சிஜி இறங்கி முடியும்வரை தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். மறு கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த பின்னும் இரண்டு காரியங்கள் மறக்கப்படுகின்றன. ஒன்று ரத்த வகை. நெகட்டிவ் வகையாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அவசரத்தின் நடுவே இது விடுபட்டால் அடுத்த குழந்தைக்குத்தான் கேடு. இன்னொன்று எச்சிஜி. சினைப்பையைக் காக்கும் நோக்கத்தில் பகுதியை மட்டும் எடுக்கும்போது கருவின் வேர் சிறிது ஒட்டிக்கொண்டிருந்து மீண்டும் வளரக்கூடும். அதனால் வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்து, அளவு கர்ப்பமில்லாத நிலைக்கு இறங்கும்வரை தொடர வேண்டும். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, அந்த நேரத்தில்தான் மெத்தோட்ரெக்சேட் ஊசி இந்த நோயில் உண்மையாகக் கைகொடுக்கிறது. உங்கள் தங்கைக்கு இதுவரை எச்சிஜி பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பர் டிக்கு வருவோம். சினைப்பைக் கர்ப்பத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது நெடுநாளாகத் தெரிந்ததே. இந்த நோயாளிகளில் காப்பர் டி அணிந்தவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் அது கருவைச் சினைப்பைக்குத் தள்ளுவதல்ல. கர்ப்பப்பைக்குள் கரு பதிவதை அது மிக நன்றாகத் தடுக்கிறது, குழாயில் பதிவதை ஓரளவு நன்றாகத் தடுக்கிறது, சினைப்பையில் பதிவதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. களத்தில் நெல்லை அள்ளிய பிறகு எஞ்சும் பதரின் பங்கு கூடுதலாகத் தெரிவது போன்றதே இது. மொத்தக் கணக்கில், எந்தக் கருத்தடையும் இல்லாத பெண்ணைவிடக் காப்பர் டி வைத்திருக்கும் பெண்ணுக்கு இடம் மாறிய கர்ப்பம் வரும் வாய்ப்பு குறைவுதான். அது தோற்று அவர் கருவுற்றுவிட்டால் மட்டும், அந்தக் கர்ப்பம் எங்கே என்ற கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும். ‘காப்பர் டி வைத்ததால்தான் வந்தது’ என்று உங்கள் தெருவில் பேச்சுக் கிளம்பினால், அதைக் கேட்டுப் பத்துப் பெண்கள் எடுத்துவிட்டு வந்து, வேண்டாத கர்ப்பத்தில் சிக்குவார்கள். முன்பு இடம் மாறிய கர்ப்பம் வந்த பெண் மறுபடி காப்பர் டி வைத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியிலும் தடை இல்லை. வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது: நாள் தள்ளினால் கார்டு பாருங்கள், இரண்டு கோடு வந்தால் அன்றே ஸ்கேனுக்குப் போங்கள்.

அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. குழாய்க் கர்ப்பம் பலருக்கும் குழாயின் பழைய நோயால் வருவது. ஆகவே பத்தில் ஒருவருக்கு அது திரும்ப வருகிறது. சினைப்பைக் கர்ப்பம் வந்தவர்களின் குழாய்கள் பெரும்பாலும் நலமாக இருப்பதாலும், அது தற்செயலாக நேர்வதாலும், மறுபடி சினைப்பையிலேயே கரு தங்குவது மிக அரிது. ஒரு சினைப்பையை முழுதும் எடுத்திருந்தாலும் மற்றொன்று முட்டையிடும், மாதவிடாயும் வரும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருப்பதாக ஆபரேஷனில் கண்டிருந்தால் மட்டும் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆபரேஷன் மட்டும் நடந்து, ஊசி போடாமல் இருந்தால், ஹீமோகுளோபின் தேறி, ஒன்றிரண்டு மாதவிடாய் ஒழுங்காக வந்த பிறகு முயலலாம். இரும்புச்சத்தை அதற்குள் நிரப்பிவிடுங்கள். மாத்திரையில் ஏறவில்லையென்றால் ஊசி வழியாக ஏற்ற அரசு மருத்துவமனைகளிலேயே வசதி உண்டு.

மீண்டும் நாள் தள்ளினால், மூன்றாம் மாதப் பதிவுக்குக் காத்திராமல், ஆறாவது வாரத்தில் உள்வழி ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பயாப்சி அறிக்கை, ஆபரேஷன் குறிப்பு, ரத்த வகை மூன்றின் நகலையும் ஒரே உறையில் போட்டு அவருடைய கர்ப்பகாலப் பதிவு அட்டையோடு வையுங்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் முதலில் அதைக் காட்டினால், எந்தப் பக்கத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.